ரைன் கரையில் ஏற்றிய கற்பூரம்

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா, அம்மா,

எண்பதுகளின் நடுப்பகுதியில், சுவிற்சர்லாந்தின் ரைன்பெல்டன் நகரில், ஓர் ஆடி அமாவாசைக் காலையில் எனக்கு நேர்ந்ததை எழுதத் துணிகிறேன். ரைன் நதியின் இக்கரை சுவிஸ், அக்கரை ஜெர்மனி. பழைய மதில்கள் கொண்ட எல்லைப் பட்டினம் அது. அங்கே ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டு, அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்தேன். பொலிசில் ஒரு முறைப்பாடு விழுந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு எங்களவரிடையே உலவியது. யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்த இராணுவம் ஊர்மீது ஷெல் அடித்துக்கொண்டிருந்த காலம். திரும்பிப்போக எனக்கு இடமில்லை.

ஆற்றங்கரையில் ஒரு மரக்கொட்டில் இருந்தது. கிட்டப் போனபோதுதான் அதன் சன்னல்கள் வர்ணத்தால் தீட்டப்பட்டவை என்பதும், உள்ளே முழுவதும் சீமெந்து என்பதும் புலப்பட்டன. துப்பாக்கி நீட்டுவதற்கு நீளமான ஒரு துவாரம். உலகப்போர்க் காலத்துக் காவலரண். அதனருகே நாள்தோறும் ஒரு சுவிஸ் முதியவர் நிற்பார். வணக்கம் சொன்னாலும் பதில் வராது. என் கைகளையே பார்ப்பார். பொலிசுக்குத் தகவல் கொடுப்பவரோ என்று நானும் அவரை ஐயுற்றேன்.

மறைந்த தந்தையாருக்கு ஆற்றங்கரையில் பிதிர்க்கடன் செய்யப்போவதாக, என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த, ஜெர்மன் மொழி ஓரளவு அறிந்த தம்பி ஒருவனிடம் சொன்னேன்.

"அண்ணை, உங்கட அப்பா விசா இல்லாமல் இஞ்ச வந்து சாப்பிடுவாரோ?" என்று சிரித்தவன், "அந்தக் கிழவன் நிப்பான். கற்பூரம் மட்டும் கொளுத்தாதேங்கோ" என்றான்.

"நீ வாறியோ இல்லையோ? அதைச் சொல்லு."

"வாறன், வாறன். உங்களைத் தனிய விட்டால் எனக்கும் சேர்த்து ஊருக்கு டிக்கெட் போட்டிடுவாங்கள்."

விடிகாலை மூடுபனி கலையவில்லை. வாழையிலைக்கு எங்கே போவது? சோற்றையும் எள்ளையும் பிசைந்து உருட்டிய பிண்டத்தைச் சமையலறை வெள்ளித்தாளில் பொதிந்திருந்தேன். கற்பூரம் ஏற்றி வணங்கி, பொதியை நீரில் விட்டேன். அது மினுங்கிக்கொண்டு அக்கரைப் பக்கமாக மிதந்தது. பின்னால் ஒரு கூக்குரல். முதியவர் ஜெர்மனிக்குப் போகும் எல்லைப் பாலத்தை நோக்கிக் கைத்தடியை ஆட்டிக்கொண்டு நின்றார். அங்கிருந்து எல்லைக் காவலர் ஒருவர் ஓடிவந்தார்.

"ஆருக்கு வெளிச்சம் காட்டினனீங்கள், பொதிக்குள்ள என்ன எண்டு காவலர் கேக்கிறார், அண்ணை." தம்பி அவசரமாகத் தமிழில் சொன்னான்.

"செத்த அப்பாவுக்குச் சோறு எண்டு சொல்லு."

"சொன்னால் நம்புவினமோ?"

சொன்னான். நம்பவில்லை. காவலர் என் அடையாள அட்டையை வாங்கித் தம் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார்.

அதற்குள் பொதி சுழியில் திரும்பிக் கரையோர மரவேரில் சிக்கியது. முதியவர் சப்பாத்தோடு நீரில் இறங்கி, அதைக் கைத்தடியால் இழுத்தெடுத்துப் பிரித்தார். விரலால் கிளறினார், மோந்து பார்த்தார். சோறும் எள்ளும்தான். பின்பு அவர் கதைத்ததைத் தம்பி எனக்கு விளக்கினான். போர்க்காலத்தில் அந்தப் பொய்க்கொட்டிலுக்குள் காவலிருந்தவராம். இருட்டிய பின் இக்கரையில் ஒரு தீக்குச்சி எரிந்தாலும் குற்றமாம். கரையில் வெளிச்சம் தெரிந்தால், எவரோ ஆற்றைக் கடக்கப்போகிறார் என்று பொருளாம்.

காவலர் அட்டையைத் திருப்பித் தந்தார். முதியவர் சோற்றுருண்டையை இரு கைகளாலும் ஏந்தி, குனிந்து, மெதுவாக நீரில் விட்டார். பின்னர் வெள்ளித்தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டி அதட்டினார்.

"சோறு போகலாமாம், அண்ணை. தாளை ஆத்துக்குள்ள போடக்கூடாதாம்."

சுவிசில் தங்க எனக்கு அனுமதி பின்னர் கிடைத்தது. அந்த முதியவர் அதன் பிறகும் என் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. என் கைகளைப் பார்ப்பதையும் விடவில்லை. அவரைக் கல்நெஞ்சர் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இன்று எங்கள் நாட்டுப் போரும் ஓய்ந்துவிட்டது. ஆயினும் என் வீட்டு வாசலில் அறியாத வாகனம் ஒன்று நின்றால், நான் திரைச்சீலைக்குப் பின்னால் அசையாது நின்று பார்க்கிறேன். அவ்வேளைகளில் அவரை எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

இதை அச்சிட இயலாவிடினும், எறிந்துவிடாமல் வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.