காளியாயி அத்தையும் கதிர்க்கட்டு அம்மனும்

ரோமாபுரிச் சாமிகள் அத்தனை பேரும் பயப்படுகிற ஒரே மனுஷி எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துக் காளியாயி அத்தைதான். இடியைக் கையில் வைத்திருக்கிற யூப்பிட்டரையே தேங்காய்ப் பொச்சால் காது மடல்வரை தேய்த்துவிடுகிறவங்க. கடலுக்கு அதிபதியான நெப்டியூன், அத்தையின் வாளியைக் கண்டால் வாயைத் திறக்க மாட்டார். உலகத்தில் எந்த மகாராணிக்கும் இந்த அதிகாரம் கிடைத்ததில்லை.

விஷயம் என்னவென்றால், பழைய துரை பங்களா இப்போது ஓட்டல். அதன் பூந்தோட்டத்தில் நிற்கிற சிலைகள் எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை கொண்டுவந்து நட்டவை. பொகவந்தலாவைக் குளிரில் தேய்க்காமல் விட்டால் பாசி மூக்குவரை ஏறிவிடும். அத்தைக்குக் காலையில் மலையில் கொழுந்து, பின்னேரம் இங்கே பாசி.

மாமா குடித்தே போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருந்தது மகள் சுதர்ஷினி. அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். கொஞ்ச நாள் வெள்ளிக்கிழமைதோறும் போன் வந்தது. பிறகு நின்றுவிட்டது. "அந்த வீட்டை விட்டு ஓடிட்டாளாம்" என்றான் அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன். எங்கே என்று கேட்டதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டான். உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க அத்தைக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு சிலைக்கு மட்டும் மஞ்சள் பூசத் தொடங்கினாங்க. கையில் ஏதோ கட்டாகப் பிடித்திருக்கிற பொம்பளைச் சிலை. அத்தைக்கு அது வேப்பிலை, ஆகவே இவள் மாரியம்மா. கிண்டலுக்கு இப்படி ஓர் இடம் கிடைத்தால் நான் விடுவேனா?

"அத்தை, அது வேப்பிலை இல்ல, கோதுமைக் கதிரு. இவ பேரு சீரீஸ். வெள்ளைக்காரச் சாமி. போர்டுல போட்டிருக்கு."

"ஓ.எல். பரீட்சையே முடிக்கல, இவ போர்டு வாசிக்கப் போயிட்டா."

"சிங்களத்துல இருக்கு. தமிழ்ல எழுத மறந்துட்டாங்க."

"சரி, சொல்லுடி. இவளுக்கு என்னா கதை?"

சொல்ல ஆரம்பித்த பிறகுதான் இது யாருடைய கதை என்று எனக்கு உறைத்தது. இவள் மகளைப் பாதாள ராஜா தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். இவள் பந்தம் பிடித்து ஊர் ஊராகத் தேடுகிறாள். கிடைக்கவில்லை. ஆத்திரத்தில் பூமியில் ஒரு பயிரும் விளையக் கூடாதென்று நிறுத்திவிடுகிறாள். சாமிகளெல்லாம் இறங்கி வந்து கெஞ்சுகின்றன.

அத்தை வாளியைக் கீழே வைத்தாங்க. "புள்ள வந்துச்சா?"

போர்டில் மிச்சம் இருந்தது. பாதாளத்தில் இருந்தபோது மகள் மாதுளை முத்துகளைத் தின்றுவிட்டாள்; அங்கே தின்றவர் முழுசாகத் திரும்ப முடியாது, அதனால் வருஷத்தில் பாதிதான் அம்மாவிடம், மற்றப் பாதி அங்கேயே. அத்தையின் முகத்தைப் பார்த்தேன்.

"வந்துட்டா. ஒரேயடியா வந்துட்டா."

மறுநாள் அத்தை வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகவில்லை. சிலையின் காலடியில் உட்கார்ந்திருந்தாங்க.

"வேலைக்குப் போகலையா, அத்தை?"

"இவ வெளைச்சல நிறுத்துனதும் சாமிங்கல்லாம் எறங்கி வந்துச்சுல்ல. நான் கொழுந்த நிறுத்திப் பாக்குறேன்."

கீழே ரோட்டில் லொறி எப்போதும் போலக் கொழுந்து ஏற்றிக்கொண்டு போனது. ஃபெக்டரி ஓடியது. கங்காணி அத்தை கொழுந்து பறிக்கிற நிரையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும். ஒரு சாமியும் இறங்கவில்லை. போனும் வரவில்லை.

பிறகு ஒரு பின்னேரம் போனேன். அத்தை பொச்சால் சிலையிலிருந்த மஞ்சளைத் தேய்த்துக்கொண்டிருந்தாங்க. என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஓட்டல் சமையக்காரர போர்டு வாசிக்கச் சொன்னேன்."

நான் வானத்தைப் பார்த்தேன்.

"மாதுளம்பழத்த ஏன்டி சொல்லல?"

"நீங்க அழுவீங்கன்னு..."

"பாதி எனக்குப் பத்தாதுன்னு நெனச்சியா? கொழுந்து கொறஞ்சா அரைப்பேரு போட்டுப் பாதிச் சம்பளந்தான் குடுக்குறாங்க. அதையே வாங்கிட்டு வர்ற சனம்டி நாம. பாதி குடுன்னு கேட்டிருப்பேன். முழுசாக் கேக்க வச்சிட்டியே."