வைக்கோல் அலசியவள்

கை முந்திக்கொண்டது. வைக்கோல் ஊறிய டிரம்முக்குள் ஒரு குவளை பிளீச்சிங் பவுடர் விழுந்து, நுரைத்து, கலந்தே போனது. குவளையைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடமாகச் சலவைக் கடையில் இருக்கும் கை. தண்ணீரில் எது ஊறினாலும் பவுடர் டப்பாவைத் தேடிப் போகும்.

கடை அவளுக்கும் தம்பிக்கும் பாதிப் பாதி. எல்லோரும் அவளை நுரையக்கா என்பார்கள். வாழ்நாளெல்லாம் வந்ததை மடித்துத் திருப்பிக் கொடுத்தவள். ஒன்றாவது தன் கையில் முளைப்பதைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. வயலில் கொளுத்தவிருந்த வைக்கோலை டிராக்டர்காரர் சும்மாவே கொண்டுவந்து இறக்கினார். பின்னறையில் காளான் போட்டாள். மூன்று தடவை போட்டு மூன்று தடவையும் பச்சைப் பூஞ்சை. நாற்றம் இஸ்திரி மேசைவரை வந்தது. நாலாவதும் பச்சையானால் பின்னறைக்குப் பெரிய இஸ்திரி மெஷின் வரும் என்று தம்பி சொல்லிவிட்டான். மெஷின்காரனிடம் பேசியும் வைத்திருந்தான்.

டிரம்மில் கிடந்ததுதான் கடைசி வைக்கோல். அடுத்தது அறுவடைக்குத்தான்.

துணியில் பவுடர் போக என்ன செய்வாளோ அதையே செய்தாள். வைக்கோலைப் பழைய தலையணை உறைகளில் திணித்து, வாயைக் கட்டி, சலவை மெஷினுக்குள் போட்டாள். மெஷின் குலுங்கி இரண்டடி நடந்தது. சத்தம் கேட்டுத் தம்பி வந்தான்.

"உள்ள என்ன ஓடுது?"

"வைக்கோல்."

"வைக்கோலையா தொவைக்கிற?"

"தொவைக்கல. அலசுறேன்."

அவன் கதவுக் கண்ணாடி வழியே கொஞ்ச நேரம் பார்த்தான். கஞ்சி போடுவாயா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.

மூன்று அலசல். பிறகு வழக்கம்போல் வேகவைத்து, ஆறியதும் மறுபடி மெஷினில் சுற்றவிட்டாள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தாள். சொட்டவில்லை, உள்ளங்கை மட்டும் நனைந்தது. காளான் விதை விற்ற விதைக்காரர் இந்த ஈரத்தை அரைமணி நேரம் விளக்கியிருந்தார். இஸ்திரிக்கு எடுக்கும் ஈரம் என்று சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். வைக்கோல் ஒரு அடுக்கு, விதை ஒரு அடுக்கு என்று பைகளை நிரப்பி, துளையிட்டு, துணிக்கொடியில் தொங்கவிட்டாள். பழக்கதோஷம், ஒவ்வொன்றிலும் சலவை நம்பர் கட்டினாள். முப்பத்தொன்று முதல் நாற்பதுவரை.

பதினெட்டாம் நாள் பத்துப் பையும் வெள்ளை. பச்சை ஒரு பொட்டுகூட இல்லை. அந்த வெள்ளையை அவள் எந்த விரிப்பிலும் எடுத்ததில்லை. யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் தனியே சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாடிக்கையாளருக்கு வேறொருவர் கால்சட்டையைக் கொடுத்தாள்.

இருபத்து நாலாம் நாள் காலை முப்பத்தேழாம் நம்பர் பையின் துளைகளிலிருந்து கொத்துக்கொத்தாகக் காளான் காதுபோல் விரிந்திருந்தது. தம்பியைச் சட்டைக் காலரோடு இழுத்துவந்தாள். அவன் கையில் இஸ்திரிப் பெட்டி இன்னும் சூடாக இருந்தது. பையைச் சுற்றி ஒரு நடை நடந்தான். குனிந்து முகர்ந்தான்.

"நாறலையே," என்றான், குறைபடுவது போல.

அவள் உட்கார இடம் தேடி, அழுக்கு மூட்டையின்மேல் சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனுக்கும் தொற்றியது. இஸ்திரிப் பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தூக்கிப் பிடித்தபடியே சிரித்தான். விதைக்காரருக்குப் போன் செய்து பவுடர் விஷயத்தைச் சொன்னாள். பூஞ்சை வராமலிருக்கச் சிலர் வேண்டுமென்றே அப்படிச் செய்வதுண்டு, நன்றாக அலசினால் சரி என்றார் அவர். தம்பி மெஷின்காரனை அழைத்து, பின்னறை காலி இல்லை என்றான்.

மறுநாள் வெயில். ஹோட்டல் விரிப்புகள் நாற்பது வந்தன. அவள் மூன்று பைகளில் காளான் அறுத்தாள், ஒன்றரைக் கிலோ இருந்தது. தம்பி பின்னறைக்குத் திரை மாட்டினான். மதியம் ஒரு மணி நேரம் மின்சாரம் இல்லை. மாலை இரண்டு பேர் துணி வாங்க வந்தார்கள்.