பொன்னாயி பிடுங்காத பிளக்

கரடியூர் ஜெயபிரகாஷுக்குத் தன் அறிவின்மேல் அபார நம்பிக்கை. காப்பியும் சாமையும் விளைவிக்கிற குடும்பத்தில் கம்ப்யூட்டர் படித்த முதல் ஆள் அவர். அவர் சொல்வதைத் தட்டிக்கேட்க வீட்டில் ஆளில்லை. ஏற்காட்டில் விடுதியோடு இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷமாக கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர். பிள்ளைகள், வாத்தியார்கள் என்று எழுநூறு பேருடைய பெயரும் பாஸ்வேர்டும் ஒரே சர்வரில் இருந்தன. அது படுத்துவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரும் யாரையும் உள்ளே விடாது.

ஆடி பிறந்ததும் அது படுக்க ஆரம்பித்தது. மலையில் காற்றடித்தால் கரண்டு போகும், அது புதிதில்லை. கரண்டு வந்த பிறகும் சர்வர் எழாததுதான் புதிது. அந்தப் பெயர்களெல்லாம் இருக்கிற டேட்டாபேஸ் ஃபைலை வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள், திறக்க முடியாது என்று திரையில் வரும். ஒரு ரிஜிஸ்டரில் ஒருத்தர் எழுதும்போது இன்னொருத்தர் கை வைக்காமலிருக்கப் போடுகிற பூட்டுதான் அது. நல்ல ஏற்பாடு. நம்ம ஆள் என்ன செய்வார்? பிடித்திருப்பது யார் என்று கேட்கமாட்டார். பூட்டு ஃபைலை அழித்துவிட்டு, சர்வரை அணைத்துப் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவார். சில நாள் அது எழுந்துகொள்ளும். அன்றைக்கெல்லாம் அவர் நடையே வேறு.

மூன்றாம் தடவை பிரின்சிபால் ஹேமலதா நேரிலேயே வந்துவிட்டார். "ஏனுங்க ஜெயபிரகாஷ், என்னதானுங்க கோளாறு?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வந்தால்தானே? அந்த அறையைத் துடைக்கிற பொன்னாயி ஒருதரம் அங்கே செல்போனுக்குச் சார்ஜ் போட்டது ஞாபகம் வந்தது. "பொன்னாயி பிளக்கைப் புடுங்கிடுதுங்க மேடம். திடீர்னு நின்னா டேட்டாபேஸ் லாக் ஆயிடும்" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு அந்தக் கூடத்தைத் துடைக்கிறவளே கோணலாகத் தெரிந்தாள். பதினோரு வருஷம் வேலை பார்த்த பொன்னாயியை மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நாலாம் நாள் காலை மறுபடி கரண்டு போய் வந்தது. சர்வர் மறுபடி படுத்தது. பொன்னாயியோ அந்நேரம் நாகலூர் எஸ்டேட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் முன்னே செய்த சேதம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்று ஜெயபிரகாஷ் மனசைத் தேற்றிக்கொண்டார். அடடா, என்ன மூளை!

ஆனாலும் உள்ளே ஏதோ குத்தியது. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தான் மட்டும் செய்யாத காரியத்தை அன்றைக்குத்தான் செய்தார். ஃபைலைப் பிடித்திருப்பது யார் என்று கம்ப்யூட்டரிடமே கேட்டார். பிடித்திருந்தது அதே சர்வர் புரோகிராமின் இன்னொரு பிரதி. அதைக் கிளப்பிவிட்டது ஒரு ஸ்கிரிப்ட், தானாக ஓடுகிற ஒரு குட்டிப் புரோகிராம். எழுதியவர் பெயர் அதன் முதல் வரியிலேயே இருந்தது: ஜெயபிரகாஷ்.

ஆனி மாதம் எழுதியது. பனிமூட்டத்தில் கரடியூரிலிருந்து பைக்கை எடுக்கச் சோம்பல்பட்டு, சர்வர் பதில் சொல்லாவிட்டால் நீயே கிளப்பிவிடு என்று எழுதி வைத்திருந்தார். கரண்டு வந்ததும் நிஜச் சர்வர் எழுவதற்குள் ஸ்கிரிப்ட் முந்திக்கொண்டு இன்னொன்றைக் கிளப்பும். பழைய செட்டிங்கில் கிளம்புகிற அது ஃபைலைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் யாருக்கும் பதில் சொல்லாது. நிஜச் சர்வர் வந்து பார்த்துவிட்டுக் கையை விரிக்கும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான் போலிருக்கிறது.

அவருக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஸ்கிரிப்டை நிறுத்தினார், ஒரே நிமிஷத்தில் சர்வர் எழுந்தது. சத்தமில்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு டீ முழுக்கக் குடித்து முடிக்கிறவரைக்கும் யோசித்தார். பிறகு பிரின்சிபால் அறைக்குப் போய், "பிளக்கை யாரும் புடுங்கலீங்க மேடம். கோளாறு நான் எழுதுனதுலதானுங்க" என்றார்.

ஹேமலதா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அந்தம்மாளை நீங்களே போய்க் கூப்பிட்டு வாங்க."

சாயங்கால பஸ்ஸில் நாகலூர் போய் இறங்கினார். பொன்னாயி வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தப்பு என்னுதுங்க. நாளைக்கு வேலைக்கு வந்துருங்க."

"நான் புடுங்கலைங்கறது எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள் பொன்னாயி. "அதை எம்புள்ளைகிட்டச் சொல்லுங்க. அந்த சார் நொம்பப் படிச்சவரு, சும்மா சொல்லமாட்டாரு, நீதான் எதையோ புடுங்கியிருப்பேங்கறா. நாலு நாளா எங்கூடப் பேச்சில்லீங்க."

பேச்சுச் சத்தம் கேட்டு மகள் சிவரஞ்சனி வெளியே வந்தாள். அதே பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன். அவரைக் கண்டதும், "சார்!" என்று கை கட்டி நின்றாள். அந்த மரியாதை அவருக்கு மிளகாய்ப் பொடியாய் எரிந்தது.

சர்வர், ஸ்கிரிப்ட் என்று ஆரம்பிக்கத்தான் வாய் போனது. அடக்கிக்கொண்டார். "கண்ணு, உங்கம்மா ஒண்ணும் பண்ணலை. எனக்குத் தெரியலைங்கறதைச் சொல்ல வெட்கப்பட்டு நான் பொய் சொன்னேன்."

சிவரஞ்சனி கட்டிய கையை இறக்கினாள். அம்மாவிடமிருந்து மண்வெட்டியை வாங்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டாள்.

"நீ உக்காரும்மா" என்றாள்.

அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.