நூலகத்தில் உச்சுக் கொட்டியது

அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பதற்கு நான் போன இடம் நூலகம். செத்தவீடு மன்னாரில், நான் பலேர்மோவில். புதுப்பிக்கக் கொடுத்த என் பெர்மெஸோ, இங்கே வசிக்கிற அனுமதி அட்டை, குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் கிடந்தது. அந்த அட்டை இல்லாமல் வெளிநாடு போனால் திரும்பி வருவது சந்தேகம் என்று எல்லோரும் சொன்னார்கள். கைபேசியும் பார்த்துப் பார்த்து அந்தக் கிழமைதான் விழுந்து உடைந்தது. கதைக்கலாம், படம் தெரியாது. செத்தவீட்டை இணையத்தில் நேரலையாக மட்டும்தான் காட்டுவார்கள், பதிவு இல்லை.

காலையில் தங்கச்சி போன் எடுத்தாள். "கமராக்காரன் கால்மாட்டிலைதான் நிக்கிறான் அக்கா, முகம் தெரியாது. பெட்டி மூட முதல் கிட்டக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லியிருக்கிறன். அப்ப வடிவாப் பாருங்கோ."

"ஓம்" என்றேன். அழுகை வரவில்லை. நான் பராமரிக்கிற வயதான சிஞ்ஞோராவிடம் முற்பகல் லீவு கேட்டுக்கொண்டு, கால்சாப் பகுதியில் அவர் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்த நூலகத்துக்கு நடந்தேன்.

கம்பியூட்டர் அறையின் சுவரில் விதிகளை ஒட்டியிருந்தார்கள். இத்தாலியன் வாசிக்க எனக்கு நேரமெடுக்கும். அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன், ஏதோ சோதனைக்குப் படிப்பது போல. அடையாள அட்டையைக் கொடுத்துவைக்க வேண்டும். ஆளுக்கு அரை மணித்தியாலம். இன்னும் வேண்டுமானால் பொறுப்பாளர் நீட்டித் தருவார். சத்தம் கூடாது. கீபோர்டுக்குக் கிட்டத் தண்ணீர் கொண்டுவரக் கூடாது. முடிந்ததும் நீங்கள் பார்த்ததெல்லாம் தானாகவே அழிந்துவிடும். நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன்.

பொறுப்பாளர் கழுத்தில் கண்ணாடி தொங்கவிட்ட ஒரு பெண். சத்தம் கூடாது என்ற விதியை மற்றவர்களை விட அவர்தான் ஒழுங்காகப் பின்பற்றினார். நேரம் முடிகிறவர்களிடம் வந்து நின்று, 'இன்னுமா?' என்று கையாலேயே கேட்பார். வேண்டாம் என்றால் இந்த ஊர்க்காரர் வாய் திறப்பதில்லை. நாடியை மேலே தூக்கி, நாக்கால் 'ச்' என்பார்கள். அவ்வளவுதான்.

இந்த 'ச்' எனக்குப் புதிதல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிஞ்ஞோராவுக்கு சூப் கொண்டுபோனால், கோப்பையைப் பார்த்து நாடியைத் தூக்கி 'ச்' என்பார். நமக்கு அது உச்சுக் கொட்டுவது, ஐயோ பாவம் என்பது. ஒரு சூப்புக்குப் போய் இந்த மனுசி ஏன் இவ்வளவு இரங்குகிறார் என்று நானும் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு நிற்பேன். பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு என்பார்கள். நான் வாலைக்கூடக் கடிக்கவில்லை. அவர்களுடைய 'ச்' விளங்கியதே தவிர, என் நாக்கு மன்னாரிலேயே இருந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தேன். மலர்வளையங்கள், சனத்தின் முதுகுகள். பெட்டிக்குள் அப்பாவின் சப்பாத்து தெரிந்தது. அவர் சப்பாத்துப் போட்டு நான் கண்டதேயில்லை. சுவாமியார் செபம் சொல்லி முடிக்க, ஒவ்வொருவராகப் போய் நெற்றியில் கொஞ்சினார்கள். யாரோ மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தங்கச்சி கையைக் காட்ட, கமரா அசைந்து மெல்ல மெல்லத் தலைமாட்டுக்குப் போகத் தொடங்கியது.

அப்போதுதான் கண் நிறைந்தது. கீபோர்டில் விழக் கூடாதே என்று நாடியை மேலே தூக்கினேன். வாய் தன்பாட்டில் உச்சுக் கொட்டியது.

பக்கத்தில் ஆள் நிற்பதைக் கவனிக்கவில்லை. பொறுப்பாளர் கையை விரித்துக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். நாடி மேலே போனது, 'ச்' வந்தது. அவர் தலையாட்டிவிட்டு மேசைக்குப் போய் ஒரு பொத்தானை அமத்தினார். என் திரை நீலமாகியது. உங்கள் நேரம் முடிந்தது, நன்றி என்றிருந்தது.

நான் எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இத்தாலியனில் ஒரு சொல்லும் வரவில்லை. "அப்பா, அப்பா" என்றேன். அந்தச் சொல் அவருக்கு விளங்கியதோ, என் முகம் விளங்கியதோ, ஓடிவந்து திரும்பவும் திறக்கப் பார்த்தார். வேண்டாம் என்றுதானே சொன்னீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரிலும் பிழையில்லை, என்னிலும் பிழையில்லை. கம்பியூட்டர் ஆறுதலாக எல்லாவற்றையும் அழித்து முடித்துத்தான் திறந்தது. அதற்குள் பெட்டியை மூடி, தோளில் சேமக்காலைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.

அழவில்லை. கதிரையை நிமிர்த்தி வைத்தேன். அடையாள அட்டையைத் திருப்பி வாங்கி, நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

துறைமுகப் பக்கம் சும்மா நடந்தபோது தங்கச்சி எடுத்தாள்.

"முகத்தை வடிவாப் பாத்தனீங்களோ அக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நாடியைத் தூக்கி 'ச்' என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அதைப் பலேர்மோக்காரர் சொல்கிற மாதிரிச் சொன்னேன்.

அவள் விம்மினாள். "ஓம் அக்கா, எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. நித்திரை கொள்ளுற மாதிரி, என்ன? மீசையைத்தான் ஆரோ ஒரு பக்கம் கட்டையா வெட்டிப்போட்டினம். கண்டனீங்கள்தானே?"

"ஓம்" என்றேன். "எந்தப் பக்கம்?"