சாம்பிராணி நேரத்தில் ஒரு வெடிமருந்துக் குடுவை

திருவனந்தபுரம் கோட்டைக்குள் ஒரு பழம்பொருள் கடை. அந்தி நேரம். என் கையில் எருமைக்கொம்பில் செய்த வெடிமருந்துக் குடுவை. அதில் செதுக்கிய மயிலின் தோகைக் கண் ஒவ்வொன்றிலும் வெள்ளிப் பொட்டு. அழகில் மயங்கிச் சாய்க்கிறேன். உள்ளே மணல்போல் ஏதோ சரிகிறது.

"உள்ள என்னம்மா?" கடைக்கார அம்மாளைக் கேட்கிறேன்.

"பழைய மருந்தாக்கும் சாரே. மூடி இறுகிப்போச்சு, சொட்டு ஈரம் ஏறாது."

ஈரம் ஏறாத வெடிமருந்துக்கு வயதாவதில்லை. அவரோ தூபக்காலை எடுத்துக் கனலை ஊதுகிறார். தினமும் அந்தியில் கடையிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் சாம்பிராணி காட்டுவாராம். பொறி பறக்கிறது.

"தீ வேண்டாம்மா!"

"தெனமும் காட்டுறதுதானே, ஒண்ணும் ஆகல்லியே."

குடுவையை அலமாரியில் வைக்கத் திரும்புகிறேன்.

"வைக்காதீங்க சாரே, அப்படியே பிடிச்சுக்கிடுங்க. இன்னைக்கு அதுக்கு இன்னும் காட்டல்ல."