இன்றுவரை

"அடைகிறேன் மகிழ்ச்சி பெரும் பகிர்வதில் செய்தியை இந்தச்" என்று வாய்விட்டுப் படித்துவிட்டு, "ம், சரியாத்தான் இருக்கு" என்று தலையாட்டினார் லேபிள் அக்கா. யாரோ ஒருவருக்குப் பதவி உயர்வு. அவர் அதைத் தொழில் தொடர்புத் தளத்தில் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். அக்கா எதையும் கடைசிச் சொல்லிலிருந்துதான் படிப்பார். முன்னாலிருந்து படித்தால் மனசு தானாகவே பிழையைச் சரிசெய்துகொண்டு போய்விடுமாம். பின்னாலிருந்து படித்தால் ஒவ்வொரு சொல்லும் தனியாக மாட்டிக்கொள்ளும். மருந்துப் பெட்டிகளில் அச்சாகும் எழுத்தைச் சரிபார்ப்பவர்களின் பழக்கம் இது. கல்யாணப் பத்திரிகையைக்கூட அக்கா இப்படித்தான் படிப்பார். முதலில் மண்டபம் வரும், மாப்பிள்ளை கடைசியில்தான் வருவார்.

காலை ஒன்பது அடித்தால் சாப்பாட்டு மேசை ஆபீஸ் ஆகிவிடும். அக்கா குளித்து, வேலைக்குப் போகும் உடுப்பை இஸ்திரி போட்டு உடுத்தி, கைக்கடிகாரமும் கட்டிக்கொண்டு, போனையும் கண்ணாடிக்கூட்டையும் எடுத்து வைத்து உட்காருவார். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குக் கிளம்பும் வீட்டுக்காரர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார். "இன்னைக்கு யார் யாருக்கு நல்ல காலம் பிறந்திருக்கு?" அக்கா நிமிர்ந்து பார்த்து, "ஹோல்டு!" என்பார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருப்பார் மனிதர். திருத்தாமல் வாசல் தாண்ட முடியாது.

"எனக்கு நானூத்திப் பன்னெண்டு கனெக்‌ஷன் இருக்கு. கரண்ட்தான் வரல" என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வார். ஆனால் அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் அவர் கவனிக்கிற கவனிப்பு இருக்கிறதே, பெற்ற தாய் கெட்டாள்! தளமே தயாராகத் தட்டில் வைத்து நீட்டும் 'வாழ்த்துகள்!' என்ற பொத்தானை அவர் தொட்டதே இல்லை. ஆளுக்கு ஆள் தனியாக எழுதுவார். பிள்ளை பிறந்த கிடங்கு அதிகாரிக்கு ஒன்று, வேலை மாறிய பாட்டில் மூடி வியாபாரிக்கு ஒன்று. எழுதியதைப் பின்னாலிருந்து ஒருமுறை படித்த பிறகுதான் அனுப்புவார்.

அத்தோடு விட்டாரா? பிழை கண்ணில் பட்டால் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. முன்பின் தெரியாத பெரிய மனிதர்களுக்கெல்லாம், "தங்கள் பதிவில் மூன்றாம் வரியில் ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது" என்று தனிச்செய்தி பறக்கும். எல்லோரும் பார்க்கும்படி சொல்லமாட்டார், அந்த நாகரிகம் உண்டு. சிலர் நன்றி சொல்வார்கள். பலர் வாயே திறக்கமாட்டார்கள். ஒரு நிர்வாக இயக்குநர் அக்காவைத் தொடர்பிலிருந்தே தூக்கிவிட்டார். "தன் கம்பெனி பேரையே தப்பா எழுதினா நான் என்ன பண்றது? பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருக்கச் சொல்றாரா?" என்று இரண்டு நாள் பொருமிக்கொண்டிருந்தார்.

பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவருக்குச் சோறு போட்ட வேலை. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசை, அதன்மேல் விரித்த அட்டை, கையில் உருப்பெருக்கி. மருந்தின் பெயர், அளவு, தயாரித்த தேதி, காலாவதித் தேதி. ஆறு பேர் அந்த அறையில். சரியாக இருந்தால் 'பாஸ்', சந்தேகம் என்றால் 'ஹோல்டு'. அக்கா ஹோல்டு சொன்னால் மிஷின் நிற்கும், மேலாளர் ஓடி வருவார். பிறகு எழுத்தைத் தானே சரிபார்க்கும் கேமரா ஒன்று வாங்கினார்கள். அது டீ குடிக்கப் போகாது, தலைவலி என்று சொல்லாது. மேலாளர் கூப்பிட்டு, "இது உங்க வேலையில குறைன்னு இல்லம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்ட கடிதத்தை நீட்டினார். அது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது.

அக்காவுக்கு ஏக்கம் சம்பளத்தின்மேல் மட்டும் இல்லை. அந்த விளக்கு மேசையின் சூடு உள்ளங்கையில் படுவது வேண்டும். "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வருவது வேண்டும். வேண்டும் வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, வீட்டில் யாரும் இதைக் கொஞ்சம் பாருங்க என்று கேட்பதில்லை. பெருக்கித் துடைத்த தரையில் எழுத்தா இருக்கிறது?

இதில் ஒரு வேடிக்கை. தளத்தில் அக்காவின் பக்கத்தைத் திறந்தால், பழைய கம்பெனியின் பெயருக்குப் பக்கத்தில் 'இன்றுவரை' என்று இருக்கும். வேலை எப்போது முடிந்தது என்று கேட்கும் கட்டத்தில் மாதமும் வருடமும் போட்டால் அந்தச் சொல் போய்விடும். அக்கா போடவில்லை. நூறு தடவையாவது கட்டத்தைத் திறந்திருப்பார், மூடியிருப்பார். "ஊர்ல இருக்கிற மாத்திரைக்கெல்லாம் எக்ஸ்பைரி டேட் பாத்தவ, இதுக்கு ஒண்ணு போட மாட்டேங்கறியே" என்று வீட்டுக்காரர் சீண்டினால், "போடறேன், போடறேன். அந்தச் சொல்லு இருந்துட்டுப் போகட்டும், உங்களை என்ன பண்ணுது?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். வேலை போய்விட்டது என்று தன் பக்கத்திலேயே போடாதவருக்கு யார் தேடிவந்து வேலை கொடுப்பார்கள்? அது அக்காவுக்கும் தெரியாமல் இல்லை.

ஆனால் தேடி வந்தார்கள்! போன வாரம் ஒரு சிறிய மருந்துக் கம்பெனி, தன்னுடைய புது இருமல் மருந்துப் பெட்டியைப் படம்பிடித்துத் தளத்தில் பெருமையாகப் போட்டிருந்தது. அக்கா படத்தைப் பெரிதாக்கினார். தயாரித்தது மே மாதம், காலாவதி அதே வருடம் மார்ச். "அடப்பாவிகளா, இது பிறக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போச்சே!" என்று எழுந்தே நின்றுவிட்டார். படத்தை எடுத்துவிடுங்கள், அச்சுக்குப் போயிருந்தால் உடனே நிறுத்துங்கள் என்று கம்பெனியின் தர மேலாளருக்கு எழுதினார்.

நேற்று மாலை அந்தத் தர மேலாளர் அம்மாவின் குரல் செய்தி வந்தது. வீட்டுக்காரரும் கேட்கட்டும் என்று அக்கா சத்தமாக வைத்தார். "அம்மா, நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது, எங்க மானத்தக் காப்பாத்திட்டீங்க. நாலு பேர் பாத்துக் கையெழுத்துப் போட்ட பெட்டிம்மா அது! உங்கள மாதிரி ஒரு ஆள் எங்களுக்கு வேணும். ஆனா நீங்க அவ்வளவு பெரிய இடத்துல இத்தனை வருஷமா இருக்கீங்க, எங்ககிட்ட வருவீங்களா? வந்தா எத்தனை நாள்ல வர முடியும்?"

அக்கா அதை நாலு தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் 'இருக்கீங்க' என்ற இடத்தில் முகம் வாடியது.

"மூணு மாசம் ஆகும்னு சொல்லிடு. கொஞ்சம் கெத்தா இருக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

"பொய்யான எழுத்த நான் எப்படிங்க பாஸ் பண்றது?"

வீட்டுக்காரர் போனைப் பார்த்தார். திரையில் அக்காவின் பக்கம் திறந்திருந்தது. அக்காவுக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால், வெளியே அனுப்பப்பட்டவள், அதை மறைத்தவள் என்று அந்த அம்மா கையை உதறிவிட்டால்? பதினான்கு மாதத்தில் தேடி வந்த ஒரே ஆள். பதில் எழுதாமலே படுத்துவிட்டார்.

இன்று காலை ஒன்பதுக்கு மேசையில் உட்கார்ந்தபோது போன் பொரிந்து தள்ளியது. அக்காவின் பெயருக்கு நேரே 'இருபது ஆண்டுகள் நிறைவு' என்று தளம் தானாகவே கணக்குப் போட்டு நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தண்டோரா போட்டிருந்தது. வாழ்த்துகள், வாழ்த்துகள், வாழ்த்துகள். யாரும் ஒரு சொல்கூடச் சொந்தமாக எழுதவில்லை. பதினோராவதாக மேலாளர், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அதே மேலாளர். 'வாழ்த்துகள்! இந்தப் பயணம் இன்னும் பல ஆண்டுகள் தொடரட்டும்!'

அக்கா முதலில் சிரித்துவிட்டார். "சார், நீங்கதானே சார் என்னை வெளிய அனுப்பினீங்க?" என்று போனிடம் கேட்டார். கேட்ட பிறகு அழுகை வந்தது. கோபம்கூட இல்லை. அவர் அந்த அறையை ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அந்த அறைக்கு அவர் இருக்கிறாரா போய்விட்டாரா என்பதே ஞாபகம் இல்லை. அழுது முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கட்டத்தைத் திறந்தார். மாதம் போட்டார், வருடம் போட்டார். 'இன்றுவரை' போய், 'பதினெட்டு ஆண்டு, பத்து மாதம்' என்று வந்து நின்றது.

உடனே அந்த அம்மாவுக்கு எழுதினார். 'என்னைப் பதினான்கு மாதத்துக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். என் பக்கத்தில் தேதி போடாமல் விட்டது என் தவறு. இப்போதுதான் திருத்தினேன். என்னால் நாளைக்கே வர முடியும்.' அனுப்பியும்விட்டார். பின்னாலிருந்து படித்துப் பார்க்கவில்லை.

அந்தப் பக்கம் பார்த்துவிட்டார்கள் என்று அடையாளம் விழுந்தது. 'எழுதுகிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. அக்கா போனைக் குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டார். உள்ளங்கைக்கு அடியில் போன் ஒருமுறை அதிர்ந்தது. கையை எடுக்கவில்லை.