மச்சாள் பெயரைத் திரும்பப் பெற்ற நாள்

நகரசபை அலுவலகத்தின் வாகனத் தரிப்பிடத்தில் மச்சாள் என் காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிடங்கள் இன்றைக்கும் அப்படியே கண்ணுக்குள் நிற்கின்றன. பஸ் சாரதியின் சீருடையோடு, வேலைக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் வந்திருந்தார். இரண்டு மணிக்குள் உள்ளே போய்க் கையெழுத்து வைத்தால்தான் நகரசபைத் தேர்தலின் வேட்பாளர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்கும். மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு முன்கண்ணாடியையே பார்த்திருந்தார். நானோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "சரி, வாறன்" என்று கதவைத் திறந்தார். அவரை அங்கே கூட்டிப்போனவன் நான்தான். வேறு யார்மேலும் பழியைப் போட எனக்கு வழியில்லை.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் வருடக்கணக்காகப் பஸ் ஓட்டியவர். விடிய முன்னம் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்கள், ஒதுங்க ஒரு கூரைகூட இல்லாத தரிப்புகளில் ஸ்நோவுக்குள் நடுங்கிக்கொண்டு நிற்பதைத் தினமும் பார்த்தவர். எழுதக்கூடிய இடத்துக்கெல்லாம் கடிதம் எழுதி அலுத்துப்போய், ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "நானே எலெக்சன் கேட்டால் என்ன?" என்றார். அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் மச்சாள் கதவு கதவாகத் தட்டப் புறப்பட்டபோது சிரிப்பு அடங்கிவிட்டது. "நீங்கள் எங்கட பஸ் அக்காவெல்லோ!" என்று சனம் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தது.

அப்போதுதான் அதே வட்டாரத்தில் இன்னொரு தமிழரும் மனுத் தாக்கல் செய்தார். வீடு விற்பனை முகவர். மச்சாள் கூரை கேட்ட அதே பஸ் தரிப்புகளில், சனம் உட்காரும் வாங்குகளின் முதுகுப் பலகையில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு விளம்பரமாய் இருந்தவர். பக்கத்து அஜின்கோர்ட் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஐந்தாறு பெரிய மனிதர் கூடினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். "ரண்டு தமிழர் நிண்டால் வோட்டுப் பிரிஞ்சு ரண்டு பேரும் தோப்பினம். உவர் எல்லாருக்கும் தெரிஞ்ச முகம். அவ விட்டுக் குடுப்பா, பொம்பிளைதானே" என்றார் ஒருவர். இன்னொருவர் என் தோளைத் தட்டி, "நீர் சொன்னால் கேப்பா" என்றார். ஆர் நல்லாச் செய்வார் என்று அந்த மேசையில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் வாய் இருந்ததுதானே! வடையைத் தின்றுவிட்டு வந்தேன்.

"மச்சாள், ஊராக்கள் எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம்" என்று அவரிடம் சொன்னேன். ஊராக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று மட்டும்தான் சொன்னேன். மறுநாள் மச்சாள் என் காரில் ஏறினார். தேர்தலில் அந்த முகவரும் தோற்றார். ஏற்கெனவே பதவியில் இருந்தவரே திரும்ப வந்தார். பஸ் தரிப்பில் கூரையும் வரவில்லை.

கொஞ்சக் காலத்துக்குப் பிறகு, விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் முறையை நகரசபைகள் விரும்பினால் கொண்டுவரலாம் என்ற பேச்சு எழுந்தது. அதை முதலில் எங்கே படித்தாரோ, மச்சாளுக்கு அது ஒரு பிடிவாதமாகவே ஆகிவிட்டது. ஒருவருக்கு மட்டும் அடையாளம் போடாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்த வேண்டும். யாருக்கும் பாதிக்குமேல் கிடைக்காவிட்டால் கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்தைக் கணக்கில் எடுப்பார்கள். ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இப்படியே நடக்கும். கோயில் மண்டபத்தில் முதியோர் கூடும் நாளில் மச்சாள் இதைச் செய்தே காட்டினார். வேட்பாளர்கள் இடியப்பம், பிட்டு, தோசை, றொட்டி. நான்கையும் அங்கே வந்த பெண்கள்தான் சமைத்திருந்தார்கள்.

ஒரு பெரியவர் வாக்குச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "நான் இடியப்பத்துக்குப் போட்டிட்டன் பிள்ளை. பிறகு பிட்டுக்கும் போட்டால் அது துரோகமெல்லே?"

"அண்ணை, இடியப்பம் முடிஞ்சுதெண்டால் பட்டினியாவோ வீட்டை போவியள்?"

மண்டபமே சிரித்தது. ஒரு அன்ரி நான்கிற்கும் ஒன்று என்றே போட்டிருந்தார். கேட்டால், "சமைச்ச ஒருத்தருக்கும் மனம் நோகக் கூடாது" என்றார். மச்சாள் பொறுமையாகப் புதுச் சீட்டு எடுத்துக் கொடுத்தார். றொட்டி விழுந்து, தோசை விழுந்து, முதல் எண்ணிக்கையில் இடியப்பத்துக்குப் பின்னால் நின்ற பிட்டு வென்றது. கடைசியில் எல்லாரையும் பார்த்து, "இப்பிடி எண்டால் ரண்டு பேரென்ன, பத்துப் பேரும் நிக்கலாம். ஆரும் ஆரிட்டையும் போய் விலகச் சொல்லத் தேவையில்லை" என்றார். நான் சுவரோரம் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

நகரசபைக் கூட்டத்திலும் போய்த் தனக்குக் கொடுத்த ஐந்து நிமிடம் பேசினார். மாகாணத்தில் வேறொரு ஊர் அந்த முறையில் ஒரு தேர்தலை நடத்தியும் பார்த்தது. எங்கள் நகரம் யோசித்துக்கொண்டே இருந்தது. பிறகு மாகாண அரசு அந்த அனுமதியையே திருப்பி எடுத்துவிட்டது. மிஞ்சிய மாதிரி வாக்குச் சீட்டுகளின் பின்பக்கத்தில் மச்சாள் கடைச் சாமான் எழுதத் தொடங்கினார்.

இந்த வருடமும் எங்கள் வட்டாரத்தில் இரண்டு தமிழர் எலெக்சன் கேட்கிறார்கள். ஒருத்தி இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. பழையபடி எனக்குத்தான் அழைப்பு வந்தது: "நீங்கள் ஒருக்காப் போய்க் கதைச்சால் விலகுவாள்." பக்கத்து நகரமான மார்க்கத்தில் மகளோடு இருக்கும் மச்சாளிடம் போனேன். அவர் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன்.

"போகப் போறீரோ?"

"இல்லை."

"ஏன்? உம்மட வோட்டு ஆருக்கு?"

"அந்தப் பிள்ளைக்குத்தான்."

"பிறகென்ன, போய் அவளிட்டை அதைச் சொல்லும்."

இத்தனை வருடமாகச் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன். "மச்சாள், அண்டைக்கும் என்ர வோட்டு உங்களுக்குத்தான்."

பயற்றங்காயைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. அது இருந்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

"அதைச் சொல்லுவீர் எண்டுதான் அண்டைக்கு அவ்வளவு நேரம் காரைவிட்டு இறங்காமல் இருந்தனான்" என்றார்.